நான்காவது குழுவின் தோரணம்

பண்டிகைக்கு முந்தின நாள்தான் ஊரில் இருக்கிற ஃப்ரிட்ஜ்கள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டு உயிரை விடும். வருடம் முழுக்க ஒழுங்காக ஓடிய வாஷிங் மெஷின் அன்றைக்குத்தான் புதுத் துணியை வாயில் கவ்விக்கொண்டு கதவைத் திறக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அடுப்பு எரியாது, மிக்ஸி சுற்றாது. அத்தனை பேரும் ஒரே எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். அந்த எண்ணின் இந்த முனையில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள் நான்.

என் வேலை திட்டு வாங்குவது. பதவிக்குப் பெயர் வேறு ஏதோ போட்டிருக்கிறார்கள், அது கிடக்கட்டும். திட்டுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தும்போது, "உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது, உங்க சிரமத்துக்கு ரொம்ப வருந்துறோம்" என்று சொல்லவேண்டும். குரல் ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. சிரித்த முகத்தோடு பேசினால் அது குரலில் தெரியுமாம். அதற்காக ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். என் கண்ணாடியை நான் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துப் பல காலம் ஆகிறது.

அன்று காலை பத்தரை மணிக்குள் முப்பது பேர் திட்டி முடித்திருந்தார்கள். அப்போதுதான் மேனேஜர் வந்து கைதட்டினார்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஜில்லு. ஏசிக்கு நேர் கீழே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார். வெளியே வந்தால் எங்களுக்குக் காய்ச்சல் வரும்.

"என்ன நாலாவது குழு, இன்னும் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு? மத்த மூணு குழுவையும் பாருங்க, ஜொலிக்குது. மூணு மணிக்குத் தலைமை ஆபீஸ்லேர்ந்து மேடம் வர்றாங்க. கொஞ்சம் உற்சாகம் காட்டுங்கப்பா!"

உற்சாகம்! அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பண்டிகையன்றும் ஃப்ரிட்ஜ் கெடும் என்பதால் எங்கள் தளத்தில் இருக்கும் நான்கு குழுக்களில் ஒன்று அன்றைக்கும் வேலைக்கு வந்தாகவேண்டும். முன்பு முறை வைத்து வந்துகொண்டிருந்தோம். ஒரு வருடம் வந்தால் அடுத்த மூன்று வருடம் வீட்டில் இருக்கலாம். யாருக்கும் மனக்குறை இல்லை. ஜில்லு ஏதோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தார், அதோடு அது ஒழிந்தது. இப்போது அவரவர் பகுதியை அவரவர் அலங்கரிக்கவேண்டும், கடைசியாக வரும் குழுவுக்குப் பண்டிகை டியூட்டி. இதற்கு உற்சாகப் போட்டி என்று பெயர். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் கடைசியில் வந்தது நாங்கள்தான். இரண்டு பண்டிகையும் எனக்கு இதே நாற்காலியில் கழிந்தது.

எனக்கு இது ஒரு நாள் லீவு சமாச்சாரம் இல்லை. நானும் என் கணவரும் பிரிந்தபோது, பள்ளிக்கூடம் பக்கம் என்பதால் மகள் அவர் வீட்டில் இருப்பது, பண்டிகை மட்டும் என்னோடு என்று பேசிக்கொண்டோம். ஆனால் அன்றைக்கு எனக்கு டியூட்டி இருந்தால் அவள் அவரோடும் அவருடைய புது மனைவியோடும் போய்விடுவாள், பூட்டிய வீட்டில் பிள்ளையை விட்டுவைக்க முடியாது. அப்படியே இரண்டு பண்டிகை போயிற்று. போன தடவை வந்தபோது என் வீட்டுக் குளியலறை விளக்கு ஸ்விட்ச் எது என்று கேட்டாள். பதின்மூன்று வயதுப் பெண், விருந்தாளி மாதிரி கேட்டாள். அன்றிலிருந்து அந்த ஸ்விட்சைப் போடும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஆகவே இந்த வருடம் கடைசியாக வரக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. முதல் பரிசை யார் வேண்டுமானாலும் கட்டிக்கொண்டு அழட்டும்.

எங்கள் ஆறு பேரையும் பார்த்தேன். ஒருவருக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தெம்பில்லை. நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கிய தம்பி நான்கு நாளாகத் தொண்டை கட்டிக்கொண்டு ஸ்டேஷன் பிடிக்காத ரேடியோவாகக் கரகரத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அடுத்து டீச்சர். இருபது வருடம் பாலர் பள்ளியில் வேலை பார்த்தவர். பள்ளியை மூடியதும் இங்கே வந்தார். இந்த வருடத் தொடக்கத்தில் கணவர் இறந்துபோனார். அதற்கப்புறம் போன் கால் வந்தால் பேசுவார், வராவிட்டால் மேஜையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற மூன்று பேரும் ஹெட்செட்டுக்குள்ளிருந்து கத்தும் யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அலங்காரப் பெட்டியைத் திறந்தேன். போன வருடத்து சீரியல் பல்புச் சரம் இடியாப்பச் சிக்கலாகக் கிடந்தது. பலூன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தன. உருப்படியாக இருந்தது ஒரு கட்டு வண்ணக் காகிதம் மட்டும்தான்.

"அக்கா, பேசாம பெட்டியையே வச்சிடுவோம். புதுமையா இருக்கும்," என்றான் ரேடியோ.

"வாய மூடு. உனக்குத் தொண்டை சரியில்ல," என்றேன்.

முதல் குழு வெள்ளிக் காகிதத்தில் ஒரு மரமே செய்து நிறுத்தியிருந்தது. அவர்களுக்கு மட்டும் எங்கிருந்து நேரம் கிடைக்கிறதோ. இரண்டாவது குழு வாடகைக்கு ஆள் வைத்துச் செய்ததாகக் கேள்வி. மூன்றாவது குழுவில் எல்லாம் பலூன், திரும்பின பக்கமெல்லாம் பலூன். எங்களைவிட மோசமாக வரக்கூடியவர்கள் என்றால் அவர்கள்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். கைக்குழந்தைக்காரி ஒருத்தி அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பதும் நினைவுக்கு வந்தது. அதை அப்படியே தள்ளி வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மகள் கூப்பிட்டாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் வராந்தா நடைக்கு ஓடினேன்.

"அம்மா, நாளைக்கு நான் வரவா வேண்டாமா? அப்பாவும் சித்தியும் இன்னைக்கு அஞ்சு மணிக்கு சித்தியோட அம்மா வீட்டுக்குக் கெளம்புறாங்க. நாலு மணிக்குள்ள சொல்லச் சொன்னாரு."

காலையிலிருந்து ஐம்பது பேரிடம் பேசிய வாய். அது பாட்டுக்கு ஓடியது. "உன்னோட வருத்தம் எனக்குப் புரியுதுடா குட்டி. இதைப் பத்தி மேல பேசியிருக்கோம், சீக்கிரமே ஒரு நல்ல முடிவு..."

"அம்மா!"

"என்னடா?"

"நான் என்ன வாஷிங் மெஷினா?"

தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எப்ப பாரு இந்தக் குரல்லயே பேசறே. போன வருஷம் நான் அழுதப்பவும் இதே குரல்தான். சிரமத்துக்கு வருந்துறேன்னு என்கிட்டயே சொன்னே. நாலு மணிக்குள்ள சொல்லு. ஆமாவா இல்லையா, அவ்ளோதான். சொல்லலேன்னா நான் அவங்களோட போறேன்."

வைத்துவிட்டாள். அவள் அழுதபோது அப்படிச் சொன்னேனா? சொல்லியிருப்பேன். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் கம்பெனியின் வாக்கியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, எனக்கே தெரிவதில்லை.

நாற்காலிக்குத் திரும்பி ஹெட்செட்டை மாட்டியதும் ஒரு ஆள். ஃப்ரிட்ஜில் தண்ணீர் ஒழுகுகிறது, மெக்கானிக் வரவில்லை. யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல் நான் பேசப் பேச அவருக்கு ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில், "நீ எல்லாம் சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா?" என்று கத்திவிட்டு வைத்தார்.

எனக்குள் என்னவோ அறுந்தது. பெட்டியிலிருந்து ஒரு சிவப்புக் காகிதத்தைக் கிழித்தேன். தடித்த பேனாவை எடுத்து, 'நீ எல்லாம் சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா?' என்று எழுதித் தடுப்புச் சுவரில் ஒட்டினேன்.

"இந்தா, அலங்காரம்!"

ரேடியோ எட்டிப் பார்த்தான். கரகரவென்று சிரித்தான். அப்புறம் அவனும் ஒரு மஞ்சள் காகிதத்தை எடுத்து எழுதினான். 'என் பாவம் உன்னைச் சும்மா விடாது. சீரியல் நம்பர் எழுதிக்கோ.'

"இது நெசமாவே சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"சத்தியமாக்கா. நம்பரையும் சரியா சொன்னாங்க."

டீச்சர் அதுவரை மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். "இப்படித் தாறுமாறா கிழிக்காதீங்க. ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டுங்க. வளையமா ஒட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்தா சங்கிலியா வரும்," என்று சொல்லிக் கத்திரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டார். இருபது வருடம் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்த கை. காகிதத்தை மடித்து நாலே வெட்டில் எட்டுத் துண்டு எடுத்தார்.

அப்புறம் நடந்ததை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். காலையிலிருந்து செத்துக் கிடந்த குழு எழுந்து உட்கார்ந்தது. ஒரு கால் முடிந்து அடுத்தது வருவதற்குள் ஒரு வரி. 'உனக்கெல்லாம் யாரு வேலை குடுத்தா?' 'ஆம்பளை யாராவது இருந்தா குடும்மா.' 'நீ மனுஷியா, ரெக்கார்டா?' 'உங்க வீட்ல இப்படித் தண்ணி கொட்டினா சிரிப்பியா?' எங்களுக்கு எதுவுமே மறந்திருக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய திட்டுக்கூட வார்த்தை பிசகாமல் வந்தது. ஒருவர் எழுதுவதைப் பார்த்து இன்னொருவருக்கு நினைவு வரும். "இதே ஆளு என்னையும் திட்டினாரு!" என்று சந்தோஷமாகக் கத்துவார்கள். உற்சாகம் உற்சாகம் என்று ஜில்லு மூன்று வருடமாகத் தொண்டை கிழியக் கேட்டது இவ்வளவு காலமும் எங்கள் வயிற்றுக்குள்ளேயே எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

இரண்டரை மணிக்குச் சங்கிலி எங்கள் ஆறு மேஜைக்கும் மேலே மூன்று வரிசையாகத் தொங்கியது. தூரத்தில் இருந்து பார்த்தால் பண்டிகைக் களை கட்டியிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அழகாகவே இருந்தது.

கடைசியாக டீச்சர் ஒரு நீலத் துண்டை என்னிடம் நீட்டினார். பாலர் பள்ளிக் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் உருண்டையாக, 'ஆஸ்பத்திரியில டாக்டர் இருக்காரு இல்ல? நீங்க போய் என்ன பண்ணப் போறீங்க?'

இதைச் சொன்னது எந்த வாடிக்கையாளரும் இல்லை. டீச்சரின் கணவரைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றுகிறார்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த அன்று, அரை நாள் அனுமதி கேட்டு அவர் கண்ணாடி அறை வாசலில் நின்றபோது ஜில்லு சொன்னது. கதவு திறந்திருந்தது. தளம் முழுக்கக் கேட்டது. டீச்சர் திரும்பி வந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். ஷிஃப்ட் முடிந்து அவர் போய்ச் சேர்ந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

வளையத்தை எழுத்து உள்பக்கம் இருக்கும்படியும் ஒட்டலாம், வெளிப்பக்கம் இருக்கும்படியும் ஒட்டலாம். நான் வெளிப்பக்கமாக ஒட்டினேன். நடு வரிசையில், கண்ணுக்கு நேராகத் தொங்கவிட்டேன். பார்க்கட்டும் என்றுதான். அந்த நேரம் எனக்கு அவ்வளவு துணிச்சல் இருந்தது.

மேடம் மூன்று மணிக்குச் சொன்னபடி வந்துவிட்டார். பட்டுப்போல் பேசுகிற பெண்மணி. முதல் குழுவின் மரத்தைத் தட்டிப் பார்த்து, "நைஸ்" என்றார். இரண்டாவதற்கும் நைஸ். மூன்றாவது குழுவில் ஒரு பலூன் வெடித்துத் திடுக்கிட்டார். எங்களிடம் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"அட, இதுல ஏதோ எழுதியிருக்கே." படித்தார். 'என் பாவம் உன்னைச் சும்மா விடாது. சீரியல் நம்பர் எழுதிக்கோ.' கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அய்யய்யோ! இதெல்லாம் கஸ்டமர்ஸ் சொன்னதா? யாருக்குய்யா வந்துது இந்த ஐடியா?" ஒவ்வொரு வளையமாகத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டே நகர்ந்தார். ஜில்லு பெருமையோடு கூடவே வந்தார். தன் யோசனை மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

நீல வளையத்தில் மேடத்தின் கை நின்றது. உரக்கவே படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது என்ன? இவ்ளோ கேவலமா பேசியிருக்கான்? எந்தக் கஸ்டமர் இது?"

தளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மூன்றாவது குழு பலூனைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டது. ஜில்லுவின் முகத்தில் இரத்தம் இல்லை. அவர் டீச்சரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். என் மேஜைக்கு மேலேதானே அது தொங்குகிறது. மேடமும் என்னைத்தான் பார்த்தார்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று பன்னிரண்டு. நாலு மணிக்குள்ள சொல்லு, ஆமாவா இல்லையா.

"ஒரு கஸ்டமர்தான் மேடம்," என்றேன். ஏறாமல் இறங்காமல், கம்பெனிக் குரலில்.

"ச்சே. என்ன ஜென்மமோ! யாருகிட்ட சொன்னாரு?"

"என்கிட்ட," என்றார் டீச்சர்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னு சொன்னேன் மேடம்."

"பாவம், எவ்ளோ பொறுமை!" என்று டீச்சரின் தோளைத் தட்டினார் மேடம். பிறகு ஜில்லுவிடம் திரும்பி, "முதல் பரிசு இவங்களுக்குத்தான், வேற பேச்சே இல்ல. பலூன் குழு கடைசி," என்றார். போட்டோ எடுக்கவேண்டும் என்று எங்கள் ஆறு பேரையும் தோரணத்துக்குக் கீழே நிற்கவைத்தார். நடுவில் ஜில்லு. நீல வளையம் அவர் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அதைத்தான் வருடக்கணக்காகப் பழகியிருக்கிறோமே.

போட்டோ முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு நடைக்கு ஓடப் போனேன். ஆமா என்று சொல்லவேண்டும், ஒரே ஒரு வார்த்தை. டீச்சரின் மேஜையைத் தாண்டும்போது அவர் ஹெட்செட்டின் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"என் வீட்டுக்காரர வச்சு லீவு வாங்கிட்டே."

கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அதுதானே என் தொழில். எனக்குப் பொண்ணு இருக்கா டீச்சர், ரெண்டு வருஷம் ஆச்சு டீச்சர் என்று வாய் வரைக்கும் வந்தது. உண்மைதான். உண்மையாக இருந்து என்ன? அவர் கணவருக்கு நேர்ந்ததை எல்லாரும் படிக்கத் தூக்கி மாட்டியதும் நான், கேட்டபோது அது யாரோ வழிப்போக்கன் சொன்னது என்று கைகழுவியதும் நான். ஜில்லு செய்தது ஒரு நாள் அயோக்கியத்தனம். நான் அதற்கு முதல் பரிசே வாங்கிக் கொடுத்துவிட்டேன். என் மேல் எனக்கு வந்த கோபத்தோடு லிஃப்ட் பக்கம் திரும்பினேன்.

மேடம் லிஃப்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஜில்லு அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் போய் லிஃப்ட் கதவுக்கு முன்னால் நின்றேன்.

"மேடம், அது கஸ்டமர் இல்ல. நான் பொய் சொன்னேன். அந்த நீலக் காகிதத்துல இருக்கறதைச் சொன்னது இவரு. டீச்சரோட வீட்டுக்காரர் சாகக் கிடந்தப்ப, போகணும்னு கேட்டாங்க. அப்பச் சொன்னாரு. அவங்க போறதுக்குள்ள அவரு போயிட்டாரு."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"இவங்களுக்கு இன்னைக்கு ரொம்ப டென்ஷன் மேடம். கால்ஸ் அதிகம்," என்றார் ஜில்லு.

மேடம் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லிஃப்டின் எண்ணைப் பார்த்தார். அது இரண்டு மாடி கீழே இருந்தது. பிறகு தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டு சொன்னார்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுதும்மா. ஆனா பண்டிகையும் அதுவுமா இதெல்லாம் இப்ப வேண்டாமே? ஒரு மெயில் போடுங்க. பார்க்கலாம்."

ஒன்பது வருடத்தில் ஒரு லட்சம் தடவையாவது நான் அதைச் சொல்லியிருப்பேன். ஒருவர் அதை என்னிடம் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்ட பிறகுதான் ஏன் எல்லாரும் முன்னைவிட அதிகமாகக் கத்துகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. நெஞ்சில் கை வைத்துத் தள்ளிக் கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது. என் மகளை நான் எத்தனை தடவை அப்படித் தள்ளியிருக்கிறேன்!

"புரியல மேடம், உங்களுக்குப் புரியல!" என்று கத்தினேன். "புரிஞ்சிருந்தா அந்தப் பைய அவரு கையிலேர்ந்து வாங்கியிருப்பீங்க!"

லிஃப்ட் வந்தது. மேடம் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடும்வரை ஜில்லு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூடியதும் என் பக்கம் திரும்பினார்.

"நல்லா இருந்ததைக் கெடுத்துக்கிட்டீங்க. பலூன் குழுவுக்கு லீவு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நாலாவது குழு இங்க இருக்கணும்."

"நான் வரல சார்."

"லீவு கேட்டிருக்கீங்களா?"

"கேக்கல. எடுத்துக்கிட்டேன்."

"நாளைக்கு வரலேன்னா அதுக்கப்புறமும் வர வேண்டியிருக்காது. யோசிச்சுப் பேசுங்க."

"ஒம்பது வருஷமா யோசிச்சுத்தான் பேசினேன்," என்றேன்.

திரும்பி நடந்தேன். பலூன் குழுவில் கைக்குழந்தைக்காரி என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். ரேடியோ நாற்காலி மேல் ஏறித் தோரணத்தைக் கழற்றப் போனான். நீல வளையத்தைத் தொட்டதும் டீச்சர் அதட்டினார்.

"கைய எடு. தொங்கட்டும்."

அவர் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் என்ன வாக்கியம் வந்து விழுமோ என்று பயமாக இருந்தது. அதனால் அவர் மேஜையில் சிதறிக் கிடந்த காகிதத் துண்டுகளைப் பொறுக்கினேன்.

"நாளைக்கு வரலேன்னு சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன்."

"உனக்குப் பதிலா நான் வந்து உக்காருவேன்னு நெனச்சுக்காத. எனக்கு வீட்ல யாரும் இல்ல, அதுக்காக வேலை செஞ்சு குடுப்பேன்னு எல்லாரும் நெனக்கிறாங்க. நானும் வரல. உடம்பு சரியில்லன்னெல்லாம் சொல்ல மாட்டேன். வரல, அவ்ளோதான்."

"வராதீங்க டீச்சர்."

"நீ சொல்ல வேண்டாம்," என்று ஹெட்செட்டை மேஜை மேல் வைத்தார். அவர் கோபம் தீரவில்லை. தீரவேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

மூன்று ஐம்பத்தாறு. நடையில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தாள். காத்துக்கொண்டிருந்திருக்கிறாள், கடங்காரி.

"வரவா வேண்டாமா?"

"வா!"

"லீவு குடுத்துட்டாங்களா?"

"குடுக்கல!"

"ஏம்மா இப்படிக் கத்துற?"

"கோவமா இருக்கேன். கத்துவேன். காலையிலேர்ந்து கோவம். ரெண்டு வருஷமா கோவம்!"

நான் அவளிடம் குரலை உயர்த்தியே எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை.

"லீவு குடுக்காம எப்படி வீட்ல இருப்பே? வேலை போயிடாதா?"

"போனாலும் போகும்."

"அப்ப... எனக்காகவா?"

ஆமாம் என்று சொல்வது சுலபம். மத்தியானம் மேடத்திடம் சொன்ன பொய்யையும் அப்படித்தான் இவள் தலையில் கட்டப் பார்த்தேன்.

"உனக்காக இல்ல. எனக்கு நீ வீட்ல வேணும். எனக்கு வேணும், அதான். வீட்ல ஒரு மண்ணும் தயார் பண்ணல, சாமான் வாங்கல, ஒட்டடைகூட அடிக்கல. வந்தா நீயும் சேர்ந்துதான் செய்யணும். இப்பச் சொல்லு, வர்றியா இல்லையா?"

போனை வாயிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, அந்த வீடே அதிரும்படி அவள் கத்தியதுதான் கேட்டது.

"அப்பா! என் டிரஸ்ஸெல்லாம் உங்க பையிலேர்ந்து வெளிய எடுங்க!"